வால்பேப்பர்: தேர்ந்தெடுப்பது, ஒட்டுவது, பல ஆண்டு காப்பாற்றுவது

வால்பேப்பர் வாங்க நினைத்ததும் எல்லோரும் ஆல்பத்தைத்தான் புரட்டுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சுவரை. ஓரம் பிரிவது, உப்பி நிற்பது, கறை எழுவது, பூஞ்சை வாடை அடிப்பது என்று பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தாளின் குறையால் வருவதில்லை. தாளுக்குப் பின்னால் இருக்கும் ஈரமும், தூசு உதிரும் பரப்பும்தான் காரணம். சுவர் சரியாக இருந்தால் நடுத்தர விலைத் தாளும் பத்தாண்டு நிற்கும். சுவர் சரியில்லாவிட்டால் எவ்வளவு உயர்ந்த தாளும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

சுவரில் ஈரம் இருக்கிறதா?

அடிச்சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா, பெயின்ட் செதில் செதிலாக உதிர்கிறதா, தட்டினால் பூச்சு பொள்ளலாக ஒலிக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. 45 செ.மீ. சதுரத்தில் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் துளி இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்தது. கோடையில் செய்த சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். முடிந்தால் மழைக்காலத்தில் ஒருமுறை பாருங்கள்.

ஈரம் எந்த இடத்தில் தெரிகிறது என்பதை வைத்தே காரணத்தை ஊகித்துவிடலாம். தரையிலிருந்து ஒரே மட்டமாக ஏறியிருந்தால் அது நிலத்து ஓதம். கூரைக்குக் கீழே தொடங்கினால் மேல்தளக் கசிவு. குளியலறைக்கு அடுத்த சுவரில் திட்டுத்திட்டாக இருந்தால் குழாயோ டைல்ஸ் இடுக்கோ கசிகிறது. மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் மட்டும் இருந்தால் காற்றோட்டம் போதவில்லை. இவற்றைச் சரிசெய்து, சுவர் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை. புதிதாகச் சிமென்ட் பூசிய சுவர் என்றால் குறைந்தது நான்கு வாரம் காத்திருங்கள், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். புதுச் சிமென்டின் காரத்தன்மை சில தாள்களின் நிறத்தைக் கெடுக்கும் என்பதும் காத்திருக்க இன்னொரு காரணம்.

ஏசி அறையும் வினைல் தாளும்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வினைல், அதாவது பிளாஸ்டிக் படலம் உள்ள தாள், எளிதில் கழுவக்கூடியது, உறுதியானது என்பதால் கேட்காமலேயே அதைத்தான் எடுத்துத் தருவார்கள். ஆனால் வினைல் படலம் நீராவியை ஏறக்குறைய ஊடுருவ விடாது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊரில், வெளிக்காற்றின் நீராவி வெளிச்சுவர் வழியாக உள்ளே நகர்கிறது. அறைக்குள் ஏசி ஓடுவதால் தாளும் அதன் பின்புறமும் குளிர்ந்திருக்கின்றன. உள்ளே வந்த நீராவி வினைலைத் தாண்ட வழியில்லாமல் அதன் பின்னால் நீராகப் படிகிறது. அங்கே பசையும் தாளும் இருக்கின்றன, இரண்டும் பூஞ்சைக்கு நல்ல தீனி. சில மாதங்களில் இளஞ்சிவப்பு, கருப்புத் திட்டுகள் மேலே தெரியத் தொடங்கும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. கறை பின்னாலிருந்து வருகிறது.

எனவே வெளிப்பக்கச் சுவருக்குக் காகிதத் தாள், மேற்பூச்சில்லாத நான்-வோவன் (நெய்யாமல் இழைகளைச் சேர்த்துச் செய்த) தாள், அல்லது நுண்துளை இட்ட வினைல் போதும். சாதாரண வினைலை இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நாடுகளில் இதே கதை தலைகீழாக நடக்கும்: அறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த வெளிச்சுவரில் படியும். இரண்டு இடத்திலும் அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விடுவது உதவும்.

எந்தத் தாள் எந்த அறைக்கு

வெறும் காகிதத் தாள் விலை குறைவு, அச்சு அழகாக இருக்கும், சுவர் மூச்சுவிடும். ஆனால் கழுவ முடியாது, கை பட்டால் கறை நிற்கும். படுக்கையறைக்கும் அதிகம் தொடாத சுவருக்கும் ஏற்றது. காகிதத்தின் மேல் மெல்லிய வினைல் பூச்சு மட்டும் உள்ள வகையை ஈரத்துணியால் ஒற்றித் துடைக்கலாம், தேய்க்கக் கூடாது. முழு வினைல் படலம் உள்ளது நடைவழி, குழந்தைகள் அறை, சாப்பிடும் இடத்துக்குச் சரி.

முதன்முறை தாங்களே ஒட்டுகிறவர்களுக்கு நான்-வோவன் அடித்தளம் உள்ள தாளைத்தான் பரிந்துரைப்போம். காகிதம் நனைந்தால் அகலத்தில் சில மி.மீ. விரியும், காய்ந்தால் சுருங்கும். நான்-வோவன் அப்படிச் செய்யாது. பசையைத் தாளில் தடவி ஊறவிட வேண்டியதில்லை, சுவரில் தடவி நேராக ஒட்டலாம். கழற்றும்போதும் பெரும்பாலும் முழு ஷீட்டாக, அதாவது ரோலிலிருந்து சுவர் உயரத்துக்கு வெட்டி ஒட்டிய துண்டு அப்படியே, வந்துவிடும்.

புல்நார், சணல், பட்டுத்துணித் தாள்கள் அறையின் தோற்றத்தையே மாற்றிவிடும். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்று, இவற்றில் ஷீட்டுக்கு ஷீட் நிற வேறுபாடும் ஜாயின்ட் கோடும் தெரிந்தே தீரும். இயற்கை நாரின் இயல்பு அது. இரண்டு, முகப்பில் பசை பட்டால் கறை போகாது, தண்ணீரும் ஆகாது. சமையலறை, சிறு குழந்தைகள் புழங்கும் இடம் வேண்டாம். பின்புறப் பசைத்தாளை உரித்து அப்படியே ஒட்டும் ஸ்டிக்கர் வகை வாடகை வீட்டுக்கு வசதிதான், ஆனால் வழவழப்பான, உறுதியான பெயின்ட் உள்ள சுவரில்தான் நிற்கும். சொரசொரப்பான சுவரில் பிடிக்காது, உறுதியற்ற பெயின்டில் ஒட்டினால் கழற்றும்போது பெயின்டோடு வரும்.

அடுப்புக்கு நேர் பின்னால், ஷவர் தெறிக்கும் இடத்தில் எந்தத் தாளும் வேண்டாம். அங்கே டைல்ஸ்தான்.

லேபிளில் உள்ள குறிகள்

ரோலின் மேல் சுற்றிய லேபிளைக் கிழித்து எறியாதீர்கள், பின்னால் எல்லாக் கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கும். ஒரு அலைக்கோடு என்றால் ஒட்டும்போது வழியும் பசையை மட்டும் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றலாம் என்று பொருள்; கழுவலாம் என்று அல்ல. இரண்டு அலை கழுவலாம், மூன்று அலை நன்றாகவே கழுவலாம். பிரஷ் படம் இருந்தால் மென்மையான பிரஷால் தேய்க்கலாம். சூரியன் படம் வெயிலில் நிறம் தாங்குவதைச் சொல்கிறது. பாதிச் சூரியன் உள்ள தாளை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டாதீர்கள்.

அம்புக்குறிகள் டிசைன் பொருத்தத்தைக் காட்டுபவை. இரண்டு அம்பும் நேருக்கு நேர் நின்றால் டிசைன் ஒரே உயரத்தில் பொருந்தும் (நேர்ப்பொருத்தம்). ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றால் அடுத்த ஷீட்டை இறக்கி ஒட்ட வேண்டும். கீழே 64/32 என்று எண் இருந்தால் டிசைன் 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது, அடுத்த ஷீட் 32 செ.மீ. தள்ளி அமைய வேண்டும் என்று அர்த்தம். ஒரு அம்பும் பக்கத்தில் 0-வும் இருந்தால் பொருத்தமே பார்க்க வேண்டாம், வீணாவதும் குறைவு.

எல்லா ரோலிலும் பேட்ச் எண் (ஒரே தடவையில் அச்சான ரோல்களுக்கு இடும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண் மாறினால் சாயலில் சிறிய வேறுபாடு இருக்கும். ரோலாகச் சுருட்டியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய பிறகுதான் பளிச்செனத் தெரியும்.

எத்தனை ரோல்?

பரப்பளவை வைத்துக் கணக்கிட்டால் கடைசி ஷீட்டுக்குத் தாள் பற்றாமல் போகலாம். ஷீட் கணக்குதான் சரி. பரவலாகக் கிடைக்கும் ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம். சுவர் 4 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ 0.53-ஆல் வகுத்தால் 7.55, அதாவது 8 ஷீட் வேண்டும். மேலும் கீழும் வெட்டித் தள்ள 5 செ.மீ. வீதம் சேர்த்தால் ஒரு ஷீட் 3.30 மீட்டர்.

டிசைன் பொருத்தம் தேவையில்லாத தாள் என்றால் ஒரு ரோலில் 3 ஷீட் வரும் (9.90 மீட்டர்), 3 ரோல் போதும். அதே சுவருக்கு 64 செ.மீ. நேர்ப்பொருத்த டிசைன் எடுத்தால் 3.30-க்கு அடுத்து வரும் 64-இன் மடங்கு 3.84 மீட்டர். இப்போது ஒரு ரோலில் 2 ஷீட்தான் வரும், 4 ரோல் வேண்டும். பரப்பளவுக் கணக்கு இரண்டுக்கும் 3 ரோல் என்றே காட்டும். கதவு, ஜன்னலைக் கழிக்காதீர்கள். மிகப் பெரிய ஜன்னல் என்றால் மட்டும் பார்க்கலாம். இறக்கி ஒட்டும் டிசைனுக்கு இரண்டு ரோலை ஒன்றாக விரித்து, ஒற்றைப்படை ஷீட்களை ஒன்றிலிருந்தும் இரட்டைப்படை ஷீட்களை மற்றதிலிருந்தும் வெட்டினால் வீணாவது குறையும்.

ஒரு ரோல் கூடுதலாக வாங்கி, லேபிளோடு உலர்ந்த இடத்தில் வையுங்கள். நான்கு ஆண்டு கழித்து ஒரு கிழிசலை ஒட்டும்போது அதன் அருமை தெரியும்.

சுவரைத் தயார் செய்வது

உதிரும் பெயின்ட், பழைய சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் எல்லாவற்றையும் ஸ்க்ரேப்பரால் சுரண்டி எடுங்கள். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்தால் வெள்ளைத் தூசு ஒட்டக் கூடாது. பழைய எமல்ஷன் பிடிமானமாக இருக்கிறதா என்று அறிய, கட்டர் கத்தியால் பெருக்கல் குறி போலக் கீறி, அதன் மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால் வால்பேப்பரோடும் வரும். ஆயில் பெயின்ட் அடித்த பளபளப்பான சுவரை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுக்க வேண்டும்.

பள்ளங்களைப் பட்டி போட்டு நிரப்பி, காய்ந்ததும் 120-ஆம், பிறகு 180-ஆம் எண் உப்புத்தாளால் தேயுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி அடியுங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். மெல்லிய, பளபளப்பான தாள் இந்த மேடுகளை மறைக்காது, இன்னும் எடுத்துக் காட்டும். சுவர் முழுமையாகச் சமமாகாது என்று தெரிந்தால் புடைப்பு டிசைன் உள்ள கனத் தாளைத் தேர்ந்தெடுங்கள்.

பலர் செலவு மிச்சம் என்று விட்டுவிடுவது பிரைமரை. பட்டி போட்ட சுவர் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். பசையின் ஈரம் போய்விட்டால் தாளை நகர்த்திப் பொருத்த நேரம் கிடைக்காது, ஓரங்கள் பிடிக்காது. பின்னால் தாளை எடுக்கும்போது பட்டியும் பாளம் பாளமாகக் கூடவே வரும். வால்பேப்பருக்கான அக்ரிலிக் பிரைமர் ஒரு கோட் அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் காய விடுங்கள். வெளிர்நிறத் தாள் ஒட்டப்போகும் சுவரில் அடர்நிறப் பெயின்ட் இருந்தால் வெள்ளை பிரைமர் அவசியம், இல்லையேல் உள்நிறம் தெரியும்.

ஒட்டும் முறை

பசையைத் தாளுக்கு ஏற்ப வாங்குங்கள். மெல்லிய காகிதத்துக்குச் செல்லுலோஸ் பசை, கன வினைலுக்கும் துணித் தாளுக்கும் அதற்கென்ற கனப்பசை. பூஞ்சைத் தடுப்பு சேர்த்ததாக இருக்கட்டும். தண்ணீர் அளவு பாக்கெட்டில் உள்ளபடியே. குளிர்ந்த தண்ணீரைக் கலக்கிக்கொண்டே தூளைத் தூவினால் கட்டி விழாது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்விட்ச் போர்டு மூடிகளைத் தளர்த்துங்கள். எந்த மூலையும் துல்லியமான செங்குத்தாக இருக்காது என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். மூலையிலிருந்து 52 செ.மீ. அளந்து, தூக்குக்குண்டு நூலோ ரசமட்டமோ வைத்து மேலிருந்து கீழ்வரை பென்சில் கோடு போடுங்கள். பேனா வேண்டாம், மை தாள் வழியாக மேலே ஊறி வரும். முதல் ஷீட்டின் ஓரம் இந்தக் கோட்டில் நிற்கும், மீதி 1 செ.மீ. அடுத்த சுவரில் மடியும். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் ஒட்டுவதென்றால் அந்த 1 செ.மீ.யை மூலையிலேயே வெட்டிவிடலாம். பெரிய பூ, பெரிய வடிவம் என்றால் அது சுவரின் நடுவில் வரும்படி நடுவிலிருந்து தொடங்குவதே அழகு.

காகிதத் தாளுக்குப் பின்புறம் பசை தடவி, பசைப்பக்கம் உள்ளே வரும்படி இரு முனையையும் நடுவை நோக்கி மடித்து, லேபிளில் சொன்ன நேரம் ஊற விடுங்கள். பொதுவாக 5 முதல் 10 நிமிடம். எல்லா ஷீட்டும் ஒரே அளவு நேரம் ஊற வேண்டும். ஒன்று 4 நிமிடமும் அடுத்தது 12 நிமிடமும் ஊறினால் இரண்டும் வெவ்வேறு அளவு விரியும், மேலே பொருந்திய டிசைன் கீழே விலகிவிடும். ஊறாமல் ஒட்டிய தாள் சுவரில் இருந்தபடியே விரிந்து கொப்புளமாகும். நான்-வோவன் என்றால் இந்தத் தலைவலி இல்லை. ஷீட் அகலத்துக்கு மேல் 5 செ.மீ. தள்ளிச் சுவரில் பசை தடவி, உடனே ஒட்டிக்கொண்டே போகலாம்.

மேலே 5 செ.மீ. தாள் கூடுதலாக நீட்டி நிற்கும்படி ஒட்டத் தொடங்கி, ஸ்மூதர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் காற்றைத் தள்ளுங்கள். ரொம்ப அழுத்தினால் பசை முழுக்க ஓரத்துக்கு வந்துவிடும், தாளும் இழுபடும். இழுபட்ட தாள் காயும்போது சுருங்கி ஜாயின்ட் வாய் பிளக்கும். அடுத்த ஷீட்டை முதல் ஷீட்டின் விளிம்போடு முட்டும்படி வையுங்கள், மேலே ஏற வேண்டாம். 10, 15 நிமிடம் கழித்து ஜாயின்டில் ரோலரை லேசாக ஓட்டுங்கள். புடைப்புத் தாளில் ரோலர் கூடாது, நசுங்கிப் பளபளப்புக் கோடு விழும்.

மேலும் கீழும் வெட்ட, அகலமான ஸ்க்ரேப்பரை மூலையில் வைத்து அதை ஒட்டிக் கத்தியை இழுங்கள். ஓரிரண்டு வெட்டுக்கு ஒருமுறை பிளேடின் மழுங்கிய நுனியை ஒடித்துவிடுங்கள். ஈரத்தாளை மழுங்கிய பிளேடு வெட்டாது, கிழிக்கும். பிளேடு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

உள்மூலையில் முழு ஷீட்டை மடித்து ஒட்டாதீர்கள், காய்ந்ததும் மூலையை விட்டு எழும்பி நிற்கும். கடைசி ஷீட்டிலிருந்து மூலைவரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, அதிக அளவோடு 1 செ.மீ. சேர்த்து நெடுக வெட்டி ஒட்டுங்கள். வெட்டிய மீதியை அடுத்த சுவரில் புதிதாகச் செங்குத்துக் கோடு போட்டு, அந்த 1 செ.மீ. மடிப்பின் மேல் ஏறும்படி ஒட்டுங்கள். வினைல் மேல் வினைல் ஏறும் இடத்தில் சாதாரணப் பசை பிடிக்காது, அதற்கெனத் தனிப் பசை உண்டு.

ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் தாளைப் பெருக்கல் குறியாகக் கீறி, ஓரங்களை மூடிக்குக் கீழே 3 மி.மீ. மட்டும் விட்டு வெட்டுங்கள். உலோகப் படலம் உள்ள தாள் மின்சாரம் கடத்தும். அதை மூடிக்குள் செருகவே கூடாது.

வழிந்த பசையைக் காய்வதற்குள் சுத்தமான ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். காய்ந்த பசை பின்னால் பளபளப்புத் திட்டாகவோ மஞ்சள் கோடாகவோ தெரியும். 24 முதல் 48 மணி நேரம் ஏசி, வேகமான மின்விசிறி, ஹீட்டர் எதுவும் வேண்டாம். அவசரமாகக் காய்ந்தால் ஜாயின்ட் திறக்கும். ஒட்டிய அன்று தெரியும் சிறு கொப்புளங்களைக் குத்தாதீர்கள். காயும்போது பெரும்பாலும் தாமே படிந்துவிடும்.

சுத்தம் செய்வது

மாதம் ஒருமுறை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியாலோ வேக்குவத்தின் மென்பிரஷாலோ மேலிருந்து கீழாகத் தூசு தட்டினால் போதும். துணி, புல்நார்த் தாளுக்கு இது மட்டும்தான் பராமரிப்பு, தண்ணீர் காட்டவே கூடாது.

கழுவக்கூடிய தாளுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான பாத்திர சோப்பு சில துளி. நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் கீழே உலர்ந்த அழுக்கின் மேல் ஓடி, போகாத கோடுகளை விடும். ஜாயின்டுக்குக் குறுக்கே தேய்க்காமல் அதன் நீளவாக்கிலேயே துடைத்தால் ஓரம் பெயராது. பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, கடைசியாக உலர்ந்த துணி.

வினைலில் பேனா மை பட்டால் பஞ்சில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒற்றுங்கள். முதலில் சோபாவுக்குப் பின்னால் மறைவான இடத்தில் சோதியுங்கள், அச்சு நிறமே கரைந்து வரலாம். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், உராயும் தூள் எதுவும் வேண்டாம். காகிதத் தாளில் எண்ணெய் பட்டால் உறிஞ்சும் வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்து, குறைந்த சூட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக ஒற்றுங்கள். தாளை மாற்றி மாற்றிச் செய்தால் பெரும்பகுதி ஏறிவிடும்.

பழுது பார்ப்பது

ஜாயின்ட் பிரிந்திருந்தால் சும்மா விடாதீர்கள், தூசு புகுந்தால் பிறகு ஒட்டாது. ஓரத்தை மெதுவாக விலக்கி, சிறு பிரஷால் பசை தடவி, சில நிமிடம் விட்டு அழுத்தி, வழிந்ததை ஒற்றி எடுங்கள். ஒரே இடம் திரும்பத் திரும்பப் பிரிந்தால் பசையைக் குறை சொல்வதை விட்டு அங்கே ஈரம் வருகிறதா என்று பாருங்கள். காய்ந்த பிறகும் நிற்கும் கொப்புளத்தை டிசைன் கோட்டின் வழியே சிறிதாகக் கீறி, ஊசி சிரிஞ்சில் பசையைச் செலுத்தி, அழுத்துங்கள்.

கிழிந்த இடத்துக்கு மிச்சத் தாளில் கிழிசலைவிடப் பெரிய துண்டை வெட்டி, டிசைன் பொருந்தும்படி அதன் மேல் வைத்து டேப்பால் நிறுத்துங்கள். புது பிளேடால் இரண்டு அடுக்கையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டி, உள்ளிருக்கும் பழைய துண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுத் துண்டைப் பசை தடவி அதே குழியில் வையுங்கள். வெட்டு டிசைனின் கோடுகளை ஒட்டிச் சென்றால் கண்ணுக்கே தெரியாது.

பின்னால் பூஞ்சை பிடித்த தாளுக்குப் பழுது பார்க்கும் வழி கிடையாது. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு அந்தப் பகுதியை எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஈரத்தின் மூலத்தை அடைத்து, சுவரைக் கழுவிக் காயவிட்ட பிறகே மறுபடி ஒட்டலாம்.

கழற்றுவது

நான்-வோவன் கீழ் மூலையைப் பிடித்து மெதுவாக மேல்நோக்கி இழுத்தால் வரும். வினைலில் மேல் படலம் மட்டும் உரிந்து காகிதம் சுவரில் தங்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து 15 நிமிடம் ஊறவிட்டு, ஸ்க்ரேப்பரைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். மேல் படலம் உரியாமல் அடம்பிடித்தால் ஆழம் போகாமல் கீறிவிட்டு நனையுங்கள். ஜிப்சம் போர்டு சுவர் என்றால் தண்ணீர் மிகக் குறைவாக. தாள் போனபின் சுவரை நனைத்து விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் பசை இன்னும் இருக்கிறது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் வெடித்து உரியும். வழுக்கல் போகும்வரை வெந்நீரும் ஸ்பாஞ்சும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகு பெயின்டோ புதுத் தாளோ போடலாம்.